வழுக்கையும் மருத்துவமும்

கல்லூரியிற் பயிலும் இளைஞன் ஒருவன் காலையில் தலை வாருகின்றான். சீப்பில் வழக்கத்திற்கு மிகுதியாக முடி வருகின்றது. உடனே கண்ணாடியைப் பார்க்கின்றான். அடுத்துத் தந்தையின் தலையைப் பார்க்கின்றான். தந்தையின் நெற்றி உச்சிவரை ஏறியிருந்தால் அன்றைய பாடத்தில் அவன் மனம் செல்வதில்லை. இந்தக் கவலையைக் கேட்டுச் சிரிப்போர் பலர். நான் சிரிக்கமாட்டேன். ஆடவருக்கு வரும் வழுக்கை உயிருக்கு ஊறு செய்வதன்று. உடல் வலிமையைக் குறைப்பதுமன்று. ஆயினும் இருபது வயதில் அது தரும் மனவருத்தம் மெய்யானதே. அந்த வருத்தத்தை நம்பிப் பிழைப்போர் பெருகியிருப்பதால், எது மருத்துவம், எது வாணிகம் என்று பிரித்தறியும் பொறுப்பு இளைஞர்மீதே வந்து விழுகின்றது.

முதலில் முடி வளரும் முறையைத் தெரிந்துகொள்வோம். நம் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள் உண்டு. தோலின்மேல் காண்பது உயிரற்ற இழை. உயிருள்ள பகுதி தோலுக்குள் அமைந்த மயிர்க்காலேயாகும். ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை இழையை வளர்க்கும். பின் சில வாரங்கள் சுருங்கும். ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓய்ந்திருக்கும். பழைய இழையை உதிர்த்துவிட்டுப் புதிய இழையைத் தொடங்கும். ஆதலால் நாளொன்றுக்கு 50 முதல் 100 இழைகள் உதிர்வது இயல்பே. பழனியில் முடி காணிக்கை செலுத்தியவர் தலையில் ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முடி வளர்ந்துவிடுவதைக் காண்கிறோம். மழித்த கத்தி மயிர்க்காலைத் தொடவில்லை என்பதே காரணம். மொட்டை அடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பார் கூற்றும் இதனாலேயே பொருந்தாது. கத்தி மயிர்க்காலைக் கெடுக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. வெட்டுண்ட நுனி மழுங்கியிருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகின்றது; அவ்வளவே.

பழனியிலிருந்து மலையேறிக் கொடைக்கானலையும் கடந்து சென்றால் போளூர், மன்னவனூர், பூம்பாறை முதலிய மேல்மலைச் சிற்றூர்கள் வரும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் நிலம் அது. தலையில் வட்டமாக முடி கொட்டினால் பூண்டை நசுக்கித் தேய்ப்பது தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் உள்ள வழக்கம். சில மாதங்களில் முடி முளைப்பதும் உண்டு. இதைக் கண்ட ஒருவர், தம் நெற்றி ஏறுவதற்கும் பூண்டே போதும் என்று எண்ணுவாரானால் ஏமாந்துபோவார். வட்டமாகத் திடீரென்று முடி கொட்டுவது புழுவெட்டு. பெயர் அப்படியிருப்பினும் அதில் புழு ஏதுமில்லை. உடலின் காவற்படை தன் மயிர்க்கால்களையே பகையென்று கருதித் தாக்குவதால் வருவது அது. சிறிய வட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டிற்குள் தாமாகவே நிரம்பிவிடும். அந்தப் புகழ் கடைசியாகத் தேய்த்த பொருளுக்குப் போய்ச் சேரும். அளவு மிஞ்சித் தேய்த்தால் பூண்டு தோலைப் பொசுக்கிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும் வழுக்கையோ வேறு வகையைச் சேர்ந்தது. அது தானாக மீள்வதில்லை.

அதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர். பருவம் எய்துமுன் விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தினால், வழுக்கை மரபிற் பிறந்தோருக்கு மட்டும் அது தொடங்குகின்றது என்பதையும் அவர் 1942-இல் எடுத்துக்காட்டினார். சுரப்பும் வேண்டும், மரபும் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. டெஸ்டோஸ்டிரோன் ஒரு நொதியினால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வேறொரு பொருளாக மாறுகின்றது என்பதும், மரபினால் இளகிய மயிர்க்கால்களை அதுவே சுருங்கச் செய்கின்றது என்பதும் பிற்காலத்து ஆராய்ச்சி கண்டவை. ஒவ்வொரு சுற்றிலும் இழை மெலிந்து குறுகி, இறுதியில் பூனைமயிர் போலாகிவிடும். தாய்மாமன் தலையைப் பார்த்தால் மருமகன் தலை தெரியும் என்பதில் ஓரளவு உண்மையுண்டு. சுரப்பை ஏற்கும் புரதத்திற்கான மரபணு தாய்வழியே ஆணுக்கு வருகின்றது. ஆனால் தந்தை வழியிலும் வேறு பல மரபணுக்கள் வருவதால் மாமனை மட்டும் குற்றம் சொல்லலாகாது.

பின்தலையிலும் காதோரங்களிலும் உள்ள மயிர்க்கால்கள் இந்தச் சுரப்புக்கு இளகுவதில்லை. முழு வழுக்கையரிடமும் பின்புறம் ஒரு பிறை நிற்பது இதனாலேதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை மருத்துவம் முழுவதும் இதன்மேல் எழுந்ததாகும்.

நம்பத்தக்க மருந்துகள் முதன்மையாக இரண்டே. ஒன்று மினாக்சிடில். இது இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மாத்திரையாகவே பிறந்தது. உண்டவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி வளர்வதைக் கண்ட மருத்துவர்கள் அதனைத் தலையில் தடவும் நீர்மமாக்கினர். 1988-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவு அளித்தது. ஓய்ந்திருக்கும் மயிர்க்காலை இது மீண்டும் வளர்ச்சிக்குத் தூண்டுகின்றது. முதற் சில வாரங்களில் பழைய இழைகள் கூட்டமாக உதிரும். இதைக் கண்டு அஞ்சிப் பலர் அப்போதே நிறுத்திவிடுகின்றனர். பயன் தெரிய நான்கு மாதமேனும் ஆகும். தடவுவதை விட்டால் கிடைத்ததெல்லாம் சில மாதங்களில் போய்விடும். இதனையே சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கும் வழக்கமும் இக்காலத்தில் பரவியுள்ளது. மூலத்தில் அது இரத்த அழுத்த மருந்து என்பதை மறந்து, மருத்துவரைக் கேளாமல் அதனை உண்ணுதல் பெருந்தவறு.

மற்றொன்று பினாஸ்டரைடு. இதன் கதை சுவையானது. டொமினிகன் குடியரசில் சாலினாஸ் என்னும் சிற்றூரில், பிறவியிலேயே மேலே சொன்ன நொதி குறைந்த ஆண்கள் சிலர் இருந்தனர். அவர்களை ஆராய்ந்த ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லி என்னும் மருத்துவ அம்மையார் 1974-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாகப் பினாஸ்டரைடு உருவாயிற்று. பிராஸ்டேட் வீக்கத்திற்கு 1992-இலும், ஐந்தில் ஒரு பங்கு அளவில் வழுக்கைக்கு 1997-இலும் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது.

இங்கே எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 18 முதல் 41 வயது வரையுள்ள ஆண்கள் 1,553 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு சாராருக்கு மருந்தும், மறு சாராருக்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரையும் கொடுத்தனர். இரண்டாண்டு கழித்து எண்ணியபோது, மருந்துண்டவருள் 100-க்கு 83 பேருக்கு இழைகளின் எண்ணிக்கை குறையவில்லை; வெறும் மாத்திரை உண்டவருள் 28 பேருக்கே குறையாதிருந்தது. ஆண்மை தொடர்பான குறைகளைச் சொன்னவர் மருந்துண்டவருள் 100-க்கு ஏறக்குறைய 4 பேர். வெறும் மாத்திரை உண்டவருள் 2 பேர். மருந்தே இல்லாத மாத்திரையிலும் இருவர் குறை கூறினர் என்பதை மாணவர்கள் கருதிப்பார்க்க வேண்டும். "நூற்றில் நால்வருக்குக் கேடு" என்று மட்டும் கேட்பவன் அஞ்சுவான். "யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்று விற்பவன் பொய் சொல்கிறான். மருந்தினால் கூடியது நூற்றுக்கு ஏறக்குறைய இருவரே.

ஆயினும் அந்த இருவருள் நாம் ஒருவராக இருக்கலாம் அன்றோ? மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குக் குறை நீங்கிவிடும். சிலர் நீங்கவில்லை என்று முறையிட்டிருக்கின்றனர். மனச்சோர்வும் சிலரிடம் காணப்பட்டது. இம்மருந்து உண்போரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் எழுதல் ஒரு பக்க விளைவே என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2025-இல் உறுதிப்படுத்தியது. முன்பே மனச்சோர்வுக்கு ஆட்பட்டவன் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டுவது இதனாலேயே. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடலாகாது. வயிற்றில் வளரும் ஆண் மகவின் உறுப்பு வளர்ச்சி கெடக்கூடும். பதினெட்டு நிரம்பாதவருக்கு இம்மருந்து உரியதன்று. பள்ளி மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்க.

இனி அறுவை மருத்துவம். ஜப்பானில் ஒகுடா என்னும் மருத்துவர், தீப்புண் வடுக்களில் முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக நட்டு 1939-இல் அம்முறையை எழுதிவைத்தார். போர்க்காலமாதலால் அவர் எழுத்து மேலைநாட்டாருக்கு எட்டவில்லை. நியூயார்க் நகரத்து நார்மன் ஆரண்ட்ரைக் 1952-இல் தாமாகவே இதைத் தொடங்கி 1959-இல் வெளியிட்டார். பின்தலை மயிர்க்காலை முன்தலையில் நட்டாலும் அது பின்தலைக் குணத்தையே காட்டி நிலைத்து வளர்கின்றது என்று அவர் கண்டதே இத்துறைக்கு அடிப்படை. அந்நாளில் நான்கு மில்லிமீட்டர் வட்டங்களாக நட்டமையால் தலை பொம்மைத் தலைபோல் தோன்றிற்று. இப்போது ஒன்று முதல் நான்கு இழைகள் கொண்ட இயற்கைக் கொத்துகளாகவே எடுத்து நடுகின்றனர். பின்தலைத் தோலை நாடாப்போல் அறுத்துக் கொத்துகளைப் பிரிப்பது ஒரு முறை; அதில் கோடாக ஒரு வடு நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஊசித்துளையால் கொத்துக் கொத்தாக எடுப்பது மற்றொரு முறை. அதில் புள்ளி வடுக்கள் சிதறிக் கிடக்கும். வடுவே இல்லை என்பது விளம்பரப் பேச்சு. நட்ட இழைகள் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் மீண்டும் முளைத்து, முழுத் தோற்றம் பெற ஓராண்டாகும்.

இதனை உழவர் வீட்டுப் பிள்ளைகள் எளிதில் உணர்வர். நாற்றங்காலில் பறித்த நாற்றை வயலில் நடுவதே இது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நெல்லுக்கு அடுத்த பருவத்தில் மீண்டும் விதை தெளித்து நாற்றங்கால் விடலாம். தலையின் நாற்றங்கால் ஒருமுறை பறித்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. அறுவை புது முடியைப் படைப்பதன்று; உள்ளதை இடம் மாற்றுவதே. எத்தனை ஆயிரம் கொத்துகள் எடுக்கலாம் என்பதற்கு ஆளுக்கொரு வரம்புண்டு. அன்றியும் வழுக்கை பரவுவதை அறுவை தடுக்காது. இருபத்திரண்டு வயதில் நெற்றியோரத்தை அடர்த்தியாக நிரப்பிக்கொண்டவனுக்கு, முப்பத்தைந்தில் அதன் பின்னால் உள்ள இயற்கை முடி போய்விட்டால், முன்னே ஒரு தீவும் பின்னே ஒரு வெளியும் நிற்கும். அதை நிரப்ப நாற்றும் மிஞ்சியிராது. வழுக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியாத இளவயதில், திறமுள்ள மருத்துவர்கள் கத்தியை எடுக்கத் தயங்குவது இதனாலேயே. தயங்காதவரிடம் தயங்குவது நம் கடமை.

இடையூறு முடியோடு நின்றுவிடுவதுமில்லை. 2016-ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஒருவர், முடி நடும் சிகிச்சைக்குப்பின் உடல்நிலை சீர்கெட்டு, ஓரிரு நாட்களில் உயிர் துறந்தார். அந்த நிலையம் அழகு நிலையத்துக்கான உரிமம் மட்டுமே பெற்றிருந்தது என்று அப்போது செய்தி வெளியாயிற்று. பின்னர் அதிகாரிகள் அதனைப் பூட்டி முத்திரையிட்டனர். மருத்துவ நூல்களைக் கற்றவரே சென்று படுத்த இடம் அது என்பதை எண்ணிப் பாருங்கள். தலை மரத்துப்போகச் செலுத்தும் மருந்து சிறிதளவில் தீங்கற்றது. பல மணி நேரம், தலை முழுவதும் செலுத்தும்போது, உடல் எடைக்கு ஏற்ற வரம்பைக் கடந்தால் அது வலிப்பையும் இதயத் தடுமாற்றத்தையும் விளைவிக்கும். அத்தகைய வேளையில் உயிர்க்காற்றும் உரிய கருவியும் அவற்றைக் கையாளத் தெரிந்த மருத்துவரும் அதே அறையில் இருக்க வேண்டும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கு நெறிமுறை வகுத்து, உரிய அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதனைச் செய்ய வேண்டும் என்றும், பயிலரங்குகளிலும் யூடியூப் காட்சிகளிலும் பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்றும் அறிவித்தது. அப்படி ஓர் அறிவிப்பு வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டும்.

ஆகவே ஒருவன் முதலில் செல்ல வேண்டிய இடம் தோல் மருத்துவரின் அறை. குருதிச் சோகை, தைராய்டுக் கோளாறு, அண்மையில் வந்த கடுங்காய்ச்சல் இவற்றால் உதிரும் முடி, அந்தக் காரணம் நீங்கினால் தானே மீளும்; அதற்கு மருந்தும் வேண்டா, நடவும் வேண்டா. வழுக்கையே என்று உறுதியானால், முற்றும் போன இடத்தில் மருந்து முளைப்பிப்பதைவிட, எஞ்சியதைக் காப்பதிலேயே வல்லது. ஆதலால் மருந்தை நாடுவோர் ஓராண்டேனும் பொறுத்துப் பயனை அளந்து பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு முடிவே. வெள்ளித்திரையில் அடர்ந்த முடியோடு தோன்றும் ரஜினிகாந்த், பொது மேடைகளுக்கு வழுக்கைத் தலையோடே வருகின்றார். அதனால் அவரைக் காண வரும் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. அறுவையே வேண்டும் என்று துணிபவர், கத்தியை யார் பிடிப்பார், மரப்பு மருந்தின் அளவை யார் கணக்கிடுவார், எடுத்தபின் நாற்றங்காலில் எவ்வளவு மிஞ்சும் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அவர் மாத்திரையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டதாகவும் எண்ண வேண்டா. நட்ட முடி நிலைத்தாலும் அதைச் சூழ்ந்த பழைய முடி தொடர்ந்து குறையுமாதலால், அறுவைக்குப் பின்னும் மருந்தை நிறுத்தாதிருக்கவே மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லியனுப்புகின்றனர்.