குண்டு பொருந்தினாலும் பயிர் தப்பாது!

"சார், தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. அதற்குத் தோதான குண்டு எங்கே கிடைக்கும்?"

சிறுமலை அடிவாரத்தில் மக்காச்சோளம் பயிரிட்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முந்தைய இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து, பால் பிடித்திருந்த கதிர்களை அரை ஏக்கருக்குச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அவர் உள்ளங்கையில் சைக்கிள் சக்கரத்திலிருந்து எடுத்த பால்ரஸ் குண்டுகள் இருந்தன. "இது குழலுக்குள் லொடலொடவென்று ஆடுகிறது. பெரிய சைஸ் போட்டால் பாதியில் நிற்கிறது" என்றார்.

திண்டுக்கல், நத்தம், ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரங்களில் மலையடிவாரத்தில் பயிர் செய்யும் பலருக்கு இந்தக் கோபமும் இந்தக் கேள்வியும் புதிதல்ல. எனவே கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன்.

குழலும் குண்டும்

வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்குக் கடையில் வாங்கும் தோட்டா பயன்படாது. பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட குழல்கள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பழைய காலத்தில் துப்பாக்கி விற்றவர்கள் அதன் குழலுக்கென்றே ஒரு குண்டு அச்சையும் சேர்த்துக் கொடுத்தது இதனால்தான். அச்சு தொலைந்தால் துப்பாக்கி பாதி தொலைந்த மாதிரி.

'12 போர்' என்று சொல்கிறோமே, அதன் பொருள் என்ன தெரியுமா? ஒரு பவுண்டு, அதாவது சுமார் 453 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல் என்று பொருள். குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர். குழலின் அளவையே குண்டைக் கொண்டுதான் சொன்னார்கள் என்றால், பொருத்தம் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1755-ல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் இங்கே ஆயுதச் சாலை அமைத்தார். அந்தக் காலப் படைத் துப்பாக்கிகளில் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும். மருந்துக் கரி படிந்த குழலில் விரைவாக உள்ளே இறக்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. அதற்குக் கொடுத்த விலை, குறி தவறுவது. குழலுக்குள் சுழல் பள்ளம் வெட்டிய ரைபிளில் எண்ணெய்த் துணியில் சுற்றிய குண்டை இறுக்கமாக இறக்கினார்கள். குறி தப்பவில்லை, நேரம் பிடித்தது. 1849-ல் பிரான்சில் வந்த மினியே குண்டு இரண்டையும் தீர்த்தது. இறக்கும்போது தளர்வாக இறங்கி, வெடிக்கும்போது அதன் அடிப்பகுதி விரிந்து குழலைப் பற்றிக்கொள்ளும். ஒரு குண்டைக் குழலுக்குப் பொருத்த உலகத்துப் படைகளுக்கே இத்தனை காலம் பிடித்தது.

பொருந்தாத குண்டு என்ன செய்யும்?

குண்டு சிறியதாக இருந்தால், வெடிக்கும் வாயு அதன் பக்கவாட்டில் கசிந்துவிடும். குண்டு குழலின் சுவரில் இடித்து இடித்து வெளியேறும். எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. குழலைக் கீழே சாய்த்தால் குண்டு மருந்தை விட்டு முன்னே உருண்டுவிடவும் கூடும்.

பெரியதாக இருந்தால் பாதிக் குழலில் சிக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழும். அந்த நிலையில் வெடித்தால் குழலே பிளக்கலாம். பிளக்கும் இடம் உங்கள் இடது கைக்கும் முகத்துக்கும் பக்கத்தில் என்பதை மறக்காதீர்கள்.

பால்ரஸ், ஆணித் துண்டு, கம்பித் துண்டு எதுவும் ஈயத்துக்கு மாற்றல்ல. ஈயம் மென்மையானது, குழலுக்கு இணங்கும். எஃகு இணங்காது, குழலைக் கீறும், கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும். இரவில் பக்கத்துக் காட்டில் காவல் இருக்கும் சம்சாரி மீது அது பாய்ந்தால் என்ன ஆகும்?

பன்றியின் பக்கம் பாருங்கள். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டைத் தோல் கேடயம்போல் தடித்திருக்கும். வேகம் குறைந்த குண்டு அதைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி மறுநாள் களையெடுக்க வரும் பெண்களுக்கு எதிரில் நிற்கும். அப்படியே ஒன்று செத்தாலும், ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும் கூட்டத்தில் அது கணக்கில் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. ஆனால் அந்த உரிமம் காட்டு விலங்கைக் கொல்வதற்கான அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடுவதும் காயப்படுத்துவதும் குற்றம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறை இதுதான். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், சுடுவது வனத்துறையினர்தான், விவசாயி அல்ல. உங்கள் நிலம் எந்த எல்லையில் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊரார் சேர்ந்து மனுக் கொடுங்கள்.

இன்னொன்று. தாத்தாவின் உரிமம் பேரனுக்குத் தானாக வராது. உரிமம் பெற்றவர் காலமானபின் துப்பாக்கியைப் பரணில் வைத்திருப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரையோ ஊர்ப் பெரியவரையோ உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்; எழுத்தில் ரசீது பெறுங்கள். பரணிலிருந்து எடுக்கும்போது உள்ளே பழைய மருந்து கெட்டித்திருக்கலாம் என்று எண்ணியே எடுங்கள். நீங்களே கிளறிப் பார்க்காதீர்கள்; முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும்படி செய்யுங்கள்.

பயிருக்குப் பொருந்தும் காவல்

குண்டைக் குழலுக்குப் பொருத்தும் அக்கறையை, காவலைப் பயிருக்குப் பொருத்துவதில் காட்டுங்கள். முதலில் காலம். மக்காச்சோளத்தில் பால் பிடிப்பது முதல் அறுவடை வரைதான் பெரும் சேதம். நிலக்கடலையில் விதைத்த முதல் வாரமும், காய் பிடித்தது முதல் பறிக்கும் வரையும் ஆபத்து. இந்த நாட்களுக்கு மட்டும் முழுக் காவல் போட்டால் செலவும் தூக்கமும் மிச்சம். ஊரே ஒரே பட்டத்தில் விதைப்பதும் நல்லது. முந்தியோ பிந்தியோ தனியாக விளைந்து நிற்கும் காடுதான் கூட்டம் முழுவதையும் இழுக்கும்.

வரப்புப் பயிர்: மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாகச் சில வரிசைகள் போடுங்கள். பன்றி ஆமணக்கைத் தின்னாது. அதன் வாடை கதிரின் வாசனையை மறைக்கும். கதிர் பிடிப்பதற்குள் வளர்ந்து நிற்க வேண்டும் என்பதால் ஆமணக்கை முன்கூட்டியே விதைக்க வேண்டும். குளிர் பட்டத்து நிலக்கடலைக்கு முள் உள்ள குசும்பாவைச் சுற்றிலும் விதைக்கலாம்.

அகழி: பயிரிலிருந்து ஓர் அடி தள்ளி, 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் சுற்றி வெட்டலாம். மழைக்குச் செம்மண் சரியும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்த்துச் சீர்செய்யுங்கள்.

சூரிய மின்வேலி: 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் கருவி, சுமார் நொடிக்கு ஒருமுறை மிகச் சிறிய நேரத்துக்கு மட்டும் அதிர்ச்சி தரும், விலங்கு மிரளும், சாகாது. பன்றிக்கு மூன்று கம்பி போதும். ஆனால் அடிக்கம்பி தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூக்கை நுழைத்துத் தூக்கிவிடும். கம்பியில் களை தொட்டால் மின்சாரம் கசியும். கோடையில் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றாவிட்டால் வேலி வெறும் கம்பிதான். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் பற்றி விசாரியுங்கள். காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறை அனுமதியும் பதிவும் தேவை.

வாடை விரட்டிகள், பழைய சேலை, பட்டாசு, ஒலிபெருக்கி ஆகியவை சில நாட்களுக்குத்தான். பன்றி பழகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் பலன் நீடிக்கும்.

இரண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேராக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது ஒன்று. அவுட்டுக்காய் வைப்பது மற்றொன்று. முதலாவது யானையை மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்சப் போன உங்கள் வீட்டு ஆளையே கொல்லும். இரண்டாவது மேயப் போன மாட்டின் வாயைக் கிழிக்கும்.

சேதம் ஏற்பட்டால், பயிரை உழுது அழிக்கும் முன் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வேளாண் அலுவலர் பார்த்து மதிப்பிட்டால்தான் இழப்பீட்டு மனு நிற்கும். விரிவாக்கப் பணியாளர்கள் இந்த ஒரு காகித வேலையில் கைகொடுத்தாலே பாதிக் கோபம் தணியும் என்பது என் அனுபவம்.

அந்தப் பெரியவர் என்ன செய்தார்? பரணில் இருந்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். "தாத்தா ஞாபகமாக இருந்தது சார்" என்று மட்டும் சொன்னார். அடுத்த பட்டத்தில் பக்கத்து நிலத்துக்காரர்கள் மூவருடன் சேர்ந்து ஒரே மின்வேலி போட்டார். ஓடை ஓரத்தில் ஆமணக்கு விதைத்தார். பன்றி வராமல் இல்லை. ஓடைப் பக்கம் ஒரு மூலையில் இரண்டு சென்ட் போனது. மீதி வீடு வந்து சேர்ந்தது.

பால்ரஸ் குண்டுகள் என்ன ஆயின என்று கேட்டேன். "பேரன் சைக்கிளுக்கே திரும்பப் போட்டாச்சு" என்றார்.