வரி நீங்கியது, வெட்கம் நீங்கவில்லை

புதுதில்லி: 2020 ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையில் சுதந்திர தின உரையாற்றிய பிரதமர் நரேந்திர மோடி, மக்கள் மருந்தகங்களில் ஒரு ரூபாய்க்கு விற்கப்படும் சானிடரி நாப்கின் பற்றியும் பேசினார். எல்லைப் பாதுகாப்பும் பொருளாதாரமும் முழங்கும் மேடையில் மாதவிலக்கு இடம்பெற்றது பலருக்கு வியப்பளித்தது.

அதற்கு முன்பே, 2018 ஜூலையில், நாப்கின் மீதான 12 சதவீத வரியை ஜிஎஸ்டி கவுன்சில் கைவிட்டிருந்தது. 2023 டிசம்பரில் மாதவிலக்கு விடுப்பு பற்றி மாநிலங்களவையில் எழுந்த கேள்வி நாடு தழுவிய விவாதமாயிற்று. பலன் இல்லாமல் இல்லை. 15 முதல் 24 வயதுள்ள பெண்களில் மாதவிலக்கின்போது சுகாதாரமான முறைகளைக் கையாள்வோர் 2015-16-ல் 57.6 சதவீதம், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 77.3 சதவீதம்.

ஆனால், நாப்கின் கடையில் வாங்கும் பொருள். அதைத் தாண்டி, பிறப்புறுப்பின் நலம் பற்றிய பேச்சு எழுந்தால் குரல் தணிந்துவிடுகிறது.

வட மாநிலங்களில் வெள்ளைப்படுதலை "சஃபேத் பானி" என்பார்கள். உடல் சத்தெல்லாம் அதன் வழியே வெளியேறுவதாக அஞ்சும் பெண்கள், மருத்துவரிடம் "பலவீனம்" என்று மட்டும் சொல்லிச் சத்து மாத்திரையுடன் திரும்புவதுண்டு. நிறமற்ற அல்லது வெண்மையான, துர்நாற்றமில்லாத கசிவு இயல்பானது. அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் அது நோய்த்தொற்றாக இருக்கலாம்; பெரும்பாலும் எளிய சிகிச்சையில் குணமாகும். உட்புறம் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும். அங்கே சோப்போ கிருமிநாசினியோ தேவையில்லை. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். துணி பயன்படுத்துவோர் அதை மறைவில் ஈரத்தோடு ஒளிக்காமல், நன்கு துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். தாம்பத்திய உறவுக்குப் பின்போ, மாதவிலக்கு நின்றுபோன பிறகோ ரத்தம் கசிந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

ஏனெனில், வெட்கத்தின் விலை சில நேரங்களில் உயிர். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தனர். இந்நோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகும். முன்கூட்டியே கண்டறிந்தால் தடுத்துவிடலாம். ஆயினும் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கான பரிசோதனை செய்துகொண்டோர், அதே 2019-21 கணக்கெடுப்பின்படி, 1.9 சதவீதம்தான். தமிழகத்திலும் அது 9.8 சதவீதமே.

பரிசோதனை கடினமானதா என்றால், இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், மாறுதலடைந்த திசு வெண்மையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் இம்முறையைக் கையாண்டபோது இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. மும்பை குடிசைப் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களிடம் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. அங்கே பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பள்ளிப் படிப்பும் நான்கு வாரப் பயிற்சியும் பெற்ற பெண்கள்.

2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு இந்நோய்த் தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. ஆனால், தடுப்பூசி மகளைக் காக்கும்; முப்பதைக் கடந்த தாயைக் காப்பது பரிசோதனைதான். எத்தனை மையங்கள் திறக்கப்பட்டன என்று அவையில் கேட்கும் உறுப்பினர்கள், தங்கள் தொகுதியில் எத்தனை பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர் என்றும் கேட்க வேண்டும். வரியை நீக்க ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது. வெட்கத்தை நீக்க, இப்படித் தயங்காமல் கேட்கும் குரல்கள் பல தேவை.