வலித்தால் சொல்லுங்கள்

கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன பெண், மாமியாருடன் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வருகிறாள். கேட்டால் "நீர்க்கடுப்பு" என்கிறாள். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மருத்துவர் பக்குவமாக விசாரித்தால்தான், உறவின்போது உயிர் போகிற வலி என்ற உண்மை வெளிவருகிறது. "மொதல்ல அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோன்னு அக்கா சொன்னாங்க டாக்டர்." மருத்துவமனைகளில் இது அரிய காட்சியல்ல.

அந்தப் 'பொறுத்துக்கோ'வை நம் வீடுகள் கைவிட வேண்டும். முதல் சில முறை லேசான அசௌகரியம் இருக்கலாம். தொடர்ந்து வலித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அவசரம்தான். பெண்ணின் உடல் இணங்கி ஈரப்பசை சுரக்க நேரம் பிடிக்கும்; அதற்கு முன்பே உறவு கொண்டால் எரியும், கிழியும். பயத்தில் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வதும் உண்டு. வெஜைனிஸ்மஸ் என்கிற இந்த நிலை அவள் வேண்டுமென்று செய்வதல்ல. "ஒத்துழைக்க மாட்டேங்கிறா" என்று பஞ்சாயத்து வைக்கிற எத்தனையோ குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. தசைப் பயிற்சியாலும் ஆலோசனையாலும் பெரும்பாலானோருக்குக் குணமாகிறது. நோய்த்தொற்று, கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் வரும் வறட்சி ஆகியவையும் வலி தரும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

முதலிரவில் ரத்தம் வந்தே தீர வேண்டும் என்பதும் பொய். பல பெண்களுக்கு வருவதே இல்லை. கன்னித்தன்மையைப் பரிசோதித்துச் சொல்ல மருத்துவத்தில் வழியே கிடையாது. அத்தகைய சோதனைகளை ஒழிக்க வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் வலியுறுத்தின.

வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். ஆணுறை போட்டிருக்கும்போது மட்டும் அது கூடவே கூடாது. எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸ் ரப்பரை நலிவுறச் செய்வதால் உறை கிழிந்துவிடலாம். நீர் சார்ந்த ஜெல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஆணுறையைப் பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் சூட்டிலும் உரசலிலும் கெட்டுவிடும். பால்வினைத் தொற்று பற்றிச் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருப்பார்கள்.

இனி, சம்மதம். தாலி கட்டியதும் அது ஒரேயடியாகக் கிடைத்துவிடுவதில்லை. நேற்று விரும்பியவள் இன்று வேண்டாம் என்னலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். கணவனுக்கும் அந்த உரிமை உண்டு. அவள் பேசாமல் கிடப்பதை இசைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "வலிக்குதா? நிறுத்தட்டுமா?" என்று கேட்கிற ஆணிடம்தான் ஒரு பெண் பயமில்லாமல் நெருங்குவாள்.

சட்டம் இங்கே பெண்ணைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்தி உறவு கொள்வதை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டமும் பாலியல் வன்புணர்வாகக் கருதவில்லை. பெரிய அநீதி இது. ஆனால் "புருஷன்மேல கேஸே போட முடியாது" என்பது தவறு. பிரிந்து வாழும் மனைவியுடன் அவள் சம்மதமின்றிக் கணவன் உறவு கொண்டால், அதே சன்ஹிதாவின் 67-ஆம் பிரிவின்படி 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. சேர்ந்து வாழும்போதும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வரும். பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தையை அது வன்முறை என்றே சொல்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்து, பாதுகாப்பு ஆணையும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் இழப்பீடும் பெறலாம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். எவ்வளவு வருமானம் இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100. பெண்கள் உதவி எண் 181. புகார் கொடுக்க மனம் வராதவர்கள் ஆலோசனை கேட்பதற்காக மட்டுமே கூட அழைக்கலாம்.