நாளும் வரலாறும்: அக்டோபர் 4 – வியாழனுக்கு மறுநாள் பதினைந்தாம் தேதி

ஒரே தேதியில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவற்றை இளம் வாசகர்களுக்கு விளக்கும் இத்தொடரில் சென்ற வாரம் அக்டோபர் 2 நிறைவுற்றது. அன்று பிறந்த காந்தியடிகளையும் லால் பகதூர் சாஸ்திரியையும் பற்றிக் கூறியவை வாசகர் நினைவில் இருக்குமாதலால் இங்கு மீண்டும் விரிக்கப்படவில்லை. இந்த வாரத்துக்கென்று உறுதியளிக்கப்பட்டது ஸ்புட்னிக் செயற்கைக்கோள். ஆனால் 1957-ஆம் ஆண்டின் அக்டோபர் 4-ஐ நோக்கிச் செல்லும் வழியில் 1582-ஆம் ஆண்டின் அக்டோபர் 4 குறுக்கிடுகிறது; அதைக் கடந்து செல்வது எளிதன்று.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் மக்கள் அன்றிரவு உறங்கி மறுநாள் வெள்ளிக்கிழமை விழித்தெழுந்தபோது, நாட்காட்டியில் அது அக்டோபர் 5 அல்ல, அக்டோபர் 15. இடையிலிருந்த பத்துத் தேதிகள் அந்நாடுகளின் வரலாற்றில் இல்லவே இல்லை. எனவே 1582 அக்டோபர் 10 அன்று ஸ்பெயினில் பிறந்தவர் என்று ஒருவரும் இருக்க முடியாது. எவருடைய வாழ்நாளிலும் பத்து நாள் குறைந்துவிடவில்லை என்பதையும், சூரியன் வழக்கம்போலவே உதித்து மறைந்தது என்பதையும், மாறியது மனிதர் நாளுக்கு இட்ட எண் மட்டுமே என்பதையும் சிறுவர்கள் முதலில் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தத் தாவலுக்குக் காரணம் பதினொரு நிமிடக் கணக்கு. ரோமானிய ஆட்சியாளர் ஜூலியஸ் சீசர், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலாளரின் அறிவுரைப்படி, பொ.ஆ.மு. 45 முதல் நடைமுறைப்படுத்திய ஜூலியன் நாட்காட்டி, ஓர் ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி நேரம் என்று கொண்டு, எஞ்சும் ஆறு மணி நேரத்தை நான்கு ஆண்டுகள் சேர்த்து ஒரு நாளாக்கிப் பிப்ரவரியில் கூட்டியது. அவ்வாறு ஒரு நாள் கூடும் ஆண்டே லீப் ஆண்டு எனப்படுகிறது. ஆனால் பருவங்கள் ஒரு சுற்றை முடித்துத் திரும்ப ஆகும் உண்மையான காலம் ஏறத்தாழ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 விநாடி. அதாவது நாட்காட்டி ஆண்டுதோறும் 11 நிமிடம் 14 விநாடியை மிகையாகக் கணக்கிட்டது. இதை 128 ஆண்டுகளால் பெருக்கிப் பார்க்கும் மாணவருக்கு விடை கிட்டத்தட்ட 1,440 நிமிடம், அதாவது முழுதாக ஒரு நாள் என்று கிடைக்கும். மெல்ல ஓடும் சுவர்க் கடிகாரம் போல, நாட்காட்டி 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சூரியனுக்குப் பின்தங்கியது.

இதனால் இடர்ப்பட்டது கிறித்தவத் திருச்சபை. பகலும் இரவும் ஒத்த அளவினதாக அமையும் சம இரவு நாளை மார்ச் 21 என்று கொண்டு, அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் ஈஸ்டர் திருநாளைக் கொண்டாடுவது அதன் மரபு. பொ.ஆ. 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்களின் பேரவைக் காலத்தில் ஏறத்தாழப் பொருந்தியிருந்த இக்கணக்கு, பதினாறாம் நூற்றாண்டில் முற்றிலும் பிசகிச் சம இரவு நாள் மார்ச் 11-க்கே வந்துவிட்டது.

பிழையைத் திருத்தும் வழியைக் கண்டவர் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவைச் சேர்ந்த அலோய்சியஸ் லிலியஸ் என்ற மருத்துவர். அவர் 1576-இல் இறந்துவிட, அவருடைய சகோதரர் கையெழுத்துப்படியை ரோமில் ஒப்படைத்தார், இயேசு சபையைச் சேர்ந்த கணித அறிஞர் கிறிஸ்தோபர் கிளாவியஸ் அதை விளக்கி நிலைநாட்டினார், திருத்தந்தை பதின்மூன்றாம் கிரிகோரி 1582 பிப்ரவரியில் ஆணையிட்டார். நாட்காட்டிக்குத் திருத்தந்தையின் பெயரே நிலைத்தது. தம் கணக்கு நடைமுறைக்கு வந்ததைக் காணாமலேயே மறைந்த அந்த மருத்துவரின் பெயரும் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. அவருடைய தீர்வு அத்துணை எளியது: 400 ஆண்டுகளில் சேரும் மிகை சற்றேறக்குறைய மூன்று நாள் என்பதால், நூறால் வகுபடும் ஆண்டுகளில் 400-ஆலும் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள். எனவே 1700, 1800, 1900 ஆகியவை லீப் ஆண்டுகள் அல்ல. 1600-உம் 2000-உம் லீப் ஆண்டுகள்.

பத்து நாளை நீக்க அக்டோபர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், அக்காலப் பகுதியில் திருநாட்கள் குறைவு என்பதே. அசிசி நகரப் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 கொண்டாடி முடிந்ததும் தாவல் நிகழ்ந்தது. கிழமைகளின் வரிசை மட்டும் அறுபடவில்லை. அதே இரவில் ஸ்பெயினில் அவிலா நகரப் புனித தெரேசா உயிர்நீத்தார். மறுநாளே அடக்கம் நிகழ்ந்தபோதிலும் அந்த மறுநாளின் தேதி அக்டோபர் 15. இன்றளவும் அவருடைய திருநாள் அத்தேதியிலேயே கொண்டாடப்படுகிறது.

ஏனைய நாடுகள் உடனே இணங்கவில்லை. ரஷ்யா 1918 வரை காத்திருந்தது. சுவீடன் சிறிது சிறிதாக மாற முயன்று, 1700-இல் லீப் நாளை விட்டுவிட்டு, பின்னர் திட்டத்தைத் தொடராமல் குழம்பி, பழைய கணக்குக்கே திரும்பும் பொருட்டு 1712-இல் பிப்ரவரிக்கு 30 நாள் வைத்தது. பிரிட்டனும் அதன் ஆட்சிப்பகுதிகளும் 1752-இல்தான் மாறின. அதுவரை சென்னையின் ஆங்கிலேயரும் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரரும் ஒரே நாளை இரு தேதிகளில் எழுதினர். 1746-இல் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதியிடம் புனித ஜார்ஜ் கோட்டை பணிந்த நாள் ஆங்கிலேயருக்குச் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்குச் செப்டம்பர் 21. சூரியன் இராசி மாறுவதைக் கொண்டு மாதத்தைக் கணிக்கும் தமிழ்ப் பஞ்சாங்கத்தை இந்தப் பூசல் தீண்டவில்லை. அக்காலத்தில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை தமிழ் ஆண்டையும் மாதத்தையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே குறித்துவைத்தார்.

தமிழகத்துக்கும் அக்டோபர் 4 பெருமைக்குரிய நாள். 1884-இல் வத்தலக்குண்டில் சுப்பிரமணிய சிவாவும், இருபது ஆண்டுகள் கழித்து 1904-இல் சென்னிமலையில் திருப்பூர் குமரனும் இத்தேதியில் பிறந்தனர். முன்னவர் 1908-இல் வ. உ. சிதம்பரனாருடன் கைதாகிச் சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டபோதும் ஊர் ஊராக நடந்தே சென்று விடுதலை உணர்வை ஊட்டியவர். பின்னவர் 1932 ஜனவரியில் திருப்பூர் ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்றபோது தடியடிக்கு ஆளாகி, மறுநாள் தம் 27-ஆம் வயதில் உயிர்நீத்தவர். இருவருக்கும் சில வரிகள் போதா. அவர்களுக்கெனத் தனிப் பகுதி பின்னர் வரும்.

எஞ்சியிருப்பது ஸ்புட்னிக். 58 சென்டிமீட்டர் விட்டமும் 83.6 கிலோகிராம் எடையும் கொண்ட அந்த உலோகக் கோளம், 1957 அக்டோபர் 4 அன்று மாஸ்கோ நேரம் இரவு 10.28-க்கு விண்ணில் ஏவப்பட்டது. ஆனால் அந்த நொடியில் இந்தியக் கடிகாரங்கள் நள்ளிரவு கடந்து 12.58 காட்டின, ஏவுதளம் அமைந்திருந்த கஜகஸ்தானிலும் அக்டோபர் 5 பிறந்திருந்தது. நாட்காட்டியால் மட்டுமன்றி நின்ற இடத்தாலும் தேதி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பூமியை 96 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிய அக்கோளம் 20, 40 மெகாஹெர்ட்ஸ் அளவிலான இரு அலைவரிசைகளில் எழுப்பிய ஒலியை உலகெங்கும் தனியார் வானொலி ஆர்வலர்கள் தம் வீடுகளிலிருந்தே எவ்வாறு கேட்டனர் என்பதும், அதை வடிவமைத்த செர்கேய் கொரொல்யோவின் பெயர் அவர் வாழ்ந்த காலம் முழுவதும் ஏன் மறைக்கப்பட்டது என்பதும் அடுத்த இதழில் விளக்கப்படும்.