இலவச மின்சாரமும் கிணற்று நீரும்

தளவாய்புரம், சேத்தூர், தேவதானம் முதலிய கிராமங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், அவற்றால் நிரம்பும் கண்மாய்களுமே நெடுங்காலமாகப் பயிருக்கு ஆதாரமாயிருந்தன. கண்மாய் வற்றிய மாதங்களில் கிணறு கை கொடுத்தது. கமலையிறைத்த குடியானவர் தம் மாடுகளின் வலிமைக்கு மேல் நீர் எடுக்க இயலாது. மாட்டிற்குத் தீனியும் ஆளுக்குக் கூலியும் அவர் கையிலிருந்தே சென்றபடியால், வாய்க்காலில் ஓடும் நீருக்கு விலையுண்டு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். மின்சாரப் பம்பு வந்தபின் மாட்டின் எல்லை நீங்கிற்று. மின்சாரம் இலவசமான பின் விலையின் எல்லையும் நீங்கிற்று. இவ்விரண்டும் நீங்கியதால் விளைந்த நன்மை தீமைகளைப் பொருளாதார முறைப்படி எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சலுகை வந்த வரலாறு

சென்னை ராஜதானியில் பைக்காரா மின்நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், தென் ஜில்லாக்களுக்கு உதவிய பாபநாசம் 1944-லும் வேலை தொடங்கின. 1957-ல் மின்சார வாரியம் ஏற்பட்டபின் கிராமங்களுக்கு மின்கம்பி விரைவாகப் பரவியது. அக்காலத்தில் விவசாயிகள் கட்டணம் செலுத்தியே மின்சாரம் பெற்றனர். கட்டண உயர்வை எதிர்த்து ஸ்ரீ சி. நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் 1970-லும் 1972-லும் பெருங்கிளர்ச்சிகள் நடந்தன. கோயமுத்தூர் நகரத்து வீதிகளை மாட்டுவண்டிகள் அடைத்து நின்றதும், துப்பாக்கிப் பிரயோகத்தில் விவசாயிகள் உயிர் துறந்ததும் மறக்கற்பாலனவல்ல. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 2003-ல் கட்டணம் மீண்டும் விதிக்கப்பட்டு, 2004-ல் நீக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்திற்கு மேற்பட்ட பம்புகள் இச்சலுகையைப் பெறுகின்றன.

2020-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த நகலில், எல்லோரும் முழுக் கட்டணம் செலுத்துவதென்றும், சலுகைத் தொகையைச் சர்க்கார் நேரே உபயோகிப்பவரிடம் சேர்ப்பிப்பதென்றும் கண்டிருந்தது. தமிழ்நாடு சர்க்கார் அதை எதிர்த்தது. டில்லி எல்லையில் 2020, 2021 வருஷங்களில் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியின் கோரிக்கைகளிலும் இது இடம் பெற்றது. 2022 ஆகஸ்டில் லோக் சபையில் கொண்டுவரப்பட்ட வேறொரு திருத்த மசோதா கமிட்டிக்கு அனுப்பப்பட்டு, சட்டமாகாமல் போயிற்று. எனினும் வாதம் ஓயவில்லை.

இரு கட்சியாரின் வாதங்கள்

சலுகை வேண்டுமென்போர் கூறுவதாவது: கால்வாய்ப் பாசனக்காரருக்கு அணையும் வாய்க்காலும் சர்க்கார் செலவில் அமைந்தன. கிணற்றுப் பாசனக்காரர் தம் பணத்தில் கிணறு வெட்டி, தம் பணத்தில் மோட்டார் வாங்குகிறார். அவருக்கு மின்சாரமாவது இலவசமாகக் கிடைப்பது நியாயமே. மேலும் விளைபொருளின் விலையை அவர் நிர்ணயிப்பதில்லை. முழுக் கட்டணத்தை முதலில் கட்டி, சலுகைத் தொகை பின்னர் வருமென்று காத்திருக்க, கடன்பட்ட குடியானவரால் இயலாது. குத்தகைக்காரருக்கோ பட்டாவும் இல்லை, மின் இணைப்பும் அவர் பெயரில் இல்லை. பணம் யார் கணக்கில் சேரும்?

மறுகட்சியார் கூறுவதாவது: விலையில்லாப் பொருள் வீணாகும். மின்சாரத்தின் செலவு மறைந்து போவதில்லை. வரி செலுத்துவோர் மீதும், தொழிற்சாலைகள் மீதும், மின்சார நிறுவனத்தின் கடன் மீதும் அது ஏறுகிறது. 2017-ல் அக்கடனின் ஒரு பகுதியை ராஜ்ய சர்க்கார் தன் தலையில் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அன்றியும் கிணறில்லாத மானாவாரிக்காரர் இச்சலுகையில் ஒரு காசும் பெறுவதில்லை; 10 குதிரைசக்தி மோட்டார் உடையவர் 5 குதிரைசக்தி உடையவரைப் போல் இருமடங்கு பெறுகிறார்.

இரு பக்கத்திலும் உண்மை உண்டு என்பதே எமது அபிப்பிராயம்.

ஏக்கர்க் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்ச ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தேவை. 30 மீட்டர் ஆழத்திலிருந்து, நூற்றுக்கு நாற்பது திறனுள்ள பம்பினால் இதை இறைக்க 41 யூனிட் செலவாகும். நீர்மட்டம் 60 மீட்டருக்கு இறங்கினால் அதே நீருக்கு 83 யூனிட் வேண்டும். திறன் நூற்றுக்கு அறுபதாக உயர்ந்தாலோ, 30 மீட்டரிலிருந்து இறைக்க 28 யூனிட்டே போதும்.

5 குதிரைசக்தி மோட்டார் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் சுமார் 30 யூனிட் ஆகும். வருஷத்தில் 150 நாள் ஓடினால் 4,500 யூனிட். கணக்கின் பொருட்டு யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிணற்றுக்கு வருஷம் 31,500 ரூபாய் பிறர் செலுத்துகிறார்கள். இது சிறு தொகையன்று. இதை ஒரே நாளில் குடியானவர் தலையில் சுமத்தினால் பல குடும்பங்கள் நிலத்தைத் தரிசாகப் போடும் என்பதும் வெளிப்படை.

ஆனால் குடியானவர் தம் கையிலிருந்தே செலுத்தும் விலை ஒன்றும் இதில் மறைந்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் ஆழ்துளைக் கிணறு இறக்கினால், நம் கிணற்றின் நீர் கீழே போகிறது. நாமும் அதைவிட ஆழமாக இறக்குகிறோம். துளைக்கும் கூலி, குழாய், பெரிய மோட்டார் ஆகிய யாவும் நம் கடனே. மின்சாரம் இலவசமாயினும் ஆழம் இலவசமன்று. பணமுள்ளவர் கடைசி வரை தொடருவார். இரண்டு ஏக்கர் உடையவர் நடுவில் நின்றுவிடுவார். ஆகவே சிறு விவசாயியைக் காக்கவென ஏற்பட்ட சலுகை, நீர்மட்டம் இறங்குமிடங்களில் அவரையே முதலில் வெளியேற்றக் கூடும்.

பிற ராஜ்யங்களின் அனுபவம்

குஜராத்தில் 2003 முதல் 2006 வரை பம்புகளுக்கும் வீடுகளுக்கும் மின்வழிகள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. பம்புகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், குறித்த வேளையில் நல்ல அழுத்தத்துடன் மின்சாரம் அளிக்கப்பட்டது. மேற்கு வங்காளத்தில் 2007 முதல் பம்புகளுக்கு மீட்டர் பொருத்தி, வேளைக்கேற்ற கட்டணம் விதிக்கலாயினர். பஞ்சாபில் 2018-ல் தொடங்கிய திட்டமே நம் குடியானவர்கள் கவனிக்கத்தக்கது. அங்கு மின்சாரம் இலவசமாகவே இருக்கிறது. விரும்பிச் சேர்ந்த விவசாயிக்கு ஓர் அளவு குறிக்கப்பட்டு, அதற்குக் குறைவாக உபயோகித்தால் மிச்சப்பட்ட யூனிட் ஒவ்வொன்றுக்கும் 4 ரூபாய் அவருக்குக் கொடுக்கப்பட்டது. சலுகையும் போவதில்லை, சிக்கனத்திற்கும் பலன் உண்டு. இவ்வித ஏற்பாட்டில் மீட்டர் தண்டனைக் கருவியாகாமல் விவசாயியின் வரவுக் கணக்காகிறது.

2019-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டத்தின்படி சூரிய சக்திப் பம்புகளுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் வெயிலுக்கும் விலையில்லை. பகல் முழுதும் பம்பு ஓடினால் கிணறு வற்றுவது வற்றுவதே. தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்வழிக்கு விற்கும் வசதி சேர்ந்தால்தான் இறைக்காமல் நிறுத்துவதில் லாபம் உண்டாகும்.

இப்பொழுதே செய்யத்தக்கவை

சட்டசபையிலும் லோக் சபையிலும் எம்முடிவு ஏற்படினும் கீழ்க்கண்டவற்றால் குடியானவருக்கு நஷ்டமில்லை.

1. பழைய மோட்டாரைப் பலமுறை காயில் கட்டி ஓட்டுவதை விடுத்து, கிணற்றின் ஆழத்திற்கும் ஊற்றிற்கும் பொருந்திய நட்சத்திரக் குறியுள்ள பம்பை வாங்குக.

2. குறுகிய புட்வால்வு, ஒடுங்கிய குழாய், தேவையற்ற வளைவுகள் ஆகியவற்றை நீக்குக. மோட்டாருக்கு ஏற்ற கெபாசிட்டர் பொருத்துக. மின் அழுத்தம் குறைந்து காயில் எரிவது இதனால் குறையும்.

3. தென்னை, மா, கரும்பு, பருத்தி ஆகியவற்றிற்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைக்க. சிறு, குறு விவசாயிகளுக்கு முழுச் செலவும், ஏனையோருக்கு நூற்றுக்கு எழுபத்தைந்தும் மானியமாகக் கிடைக்கிறது.

4. இரவில் மோட்டாரைப் போட்டுவிட்டு உறங்கச் செல்லும் வழக்கத்தைக் கைவிடுக.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய இணைப்புக்கு நிலமும் கிணறும் யாருடையவை என்று சான்று அளிப்பவர்கள் தாங்களே. அடங்கலில் பயிரையும் பாசன ஆதாரத்தையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்யுங்கள். ஊரில் நான்கைந்து கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, கிராம சபையில் எல்லோரும் கேட்க வாசியுங்கள். மின்சாரத்தின் விலையைப் பற்றி எங்கோ சிலர் முடிவு செய்வார்கள். கிணற்றில் எஞ்சிய நீர் எவ்வளவு என்பதை ஊரார் அறிந்திருந்தால், அம்முடிவு வரும்பொழுது ஆதாரத்துடன் பேச அவர்களால் இயலும். பயிரை மாற்றுவதா, புதுத்துளை போடுவதை நிறுத்துவதா என்பதையும் கடன் ஏறுமுன்பே அவர்கள் தீர்மானித்துக் கொள்ளலாம்.