பிரெஞ்சு வினைமுற்றும் அசைப்பிரிப்பும்

பிரெஞ்சு வினைமுற்றுகளை எழுத்தைக் கொண்டு அசை பிரிப்பின் ஒரு முடிவும், ஒலியைக் கொண்டு பிரிப்பின் பிறிதொரு முடிவும் கிடைக்கும். ஈண்டு அசை என்றது யாப்பிலக்கணத்தார் கூறும் நேரும் நிரையும் அன்று. ஓர் உயிரை நடுவாகக் கொண்டு ஒருங்கொலிக்கும் கூறு என்க.

பேசுதற்பொருள் தரும் ‘பர்லே’ என்னும் வினையைக் காண்போம். நிகழ்காலத்தில் மூவிட ஒருமையும் படர்க்கைப் பன்மையும் ஆகிய நான்கும் மூவேறு வகையாக எழுதப்படுகின்றன. பாரிசு வழக்கில் நான்கும் ‘பர்ல்’ என்னும் ஓரசையே. படர்க்கைப் பன்மையை ஏட்டில் ‘பர்-லென்த்’ என இரண்டாகப் பிரிப்பினும், இறுதி மூன்றெழுத்தும் ஒலியா. தென்பிரான்சில் மட்டும் அவ் வெகரம் மெலிதாக ஒலிப்பதுண்டு. தன்மைப் பன்மையும் (பர்-லோன்) முன்னிலைப் பன்மையுமே (பர்-லே) யாண்டும் ஈரசையாவன.

எனவே, சொல்வகை அறியாதார் அசை பிரித்தல் இயலாது. ‘கன்னிமடம்’ எனப் பொருள்படும் பெயரும், ‘அடைகாக்கின்றன’ என்னும் வினைமுற்றும் ஓரெழுத்தும் வேறுபடாமல் எழுதப்படுவன. பெயராயின் ‘கூ-வான்’ என ஈரசை, ஈற்றில் மூக்கொலி உயிர். வினையாயின் ‘கூவ்’ என ஓரசை.

உயிர்முதல் வினைகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. ‘அவன் நேசிக்கிறான்’ என்பது ‘ஈ-லெம்’. ‘அவர்கள் நேசிக்கின்றனர்’ என்பது ‘ஈல்-ஸெம்’. தனித்து ஒலியாத பன்மைச் சகரம், உயிர் வரக்கண்டு உயிர்பெற்று (அதிர்வொலியாக) அதன்மேல் ஏறிற்று. வினையின் விகுதி வாளா இருக்க, எண் உணர்த்துவது இவ்வெல்லையே! வினாவில் இரண்டும் ‘எம்-தில்’ என ஒன்றாய் ஒலிக்கும். ஆயினும் பன்மையில் உள்ள தகரம் இலத்தீன் விகுதியின் எச்சம். ஒருமையில் உள்ளதோ, பிற வினைகளை ஒப்புமையாகக் கொண்டு பிற்காலத்தார் இடையிட்டது.

செய்யுள் வழக்கு பழைய ஒலிப்பைப் போற்றுவது. 12 அசை கொண்ட ‘அலெக்சாந்திரேன்’ அடியின் இடையில், மெய்ம்முதற் சொல்லின் முன்வரும் ஒருமை ‘பர்ல்’ ஈரசையாக எண்ணப்படும். உயிர்முதற் சொல் வரின், குற்றியலுகரம் போல, ஈற்றெகரம் கெட்டு ஓரசையாகும். பன்மையிலோ ஈற்றுமெய் காப்பதால் உயிர்முன்னும் எகரம் கெடாது. ஆனால் ‘பர்-லெ’ என்னும் இறந்தகாலத் தொடர்வினையின் படர்க்கைப் பன்மைக்கு, அம் மூன்றெழுத்து ஈற்றில் நின்றும், செய்யுளிலும் இரண்டு அசையே கொள்வர்.