புரதத்துக்கும் வில்லங்கச் சான்று

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலும் ‘மூணு மாச சுகர்’ என்று சொன்னால் போதும், ஹெச்பிஏ1சி சோதனைக்குச் சீட்டு எழுதிவிடுவார்கள். ஊசி குத்திய நேரத்துச் சர்க்கரையை அது அளப்பதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எத்தனை விழுக்காட்டின் மேல் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து வந்தவரின் பழைய கணக்கும் அதனால் வெளியே வந்துவிடும்.

மரபணு சொன்ன வரிசையில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் உருவான பிறகு அதன்மேல் ஏறும் வேதி மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. சில, குளுக்கோஸ் போலத் தானாக ஒட்டுபவை. பலவற்றை உடலே நொதிகளைக் கொண்டு செய்கிறது. பாஸ்பேட் ஏறியதும் வேலையைத் தொடங்கும் புரதங்கள் ஏராளம். மரபணுவை எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும் இந்த மாற்றங்கள் கண்ணில் படாது.

எடை போட்டால் தெரியும். அதற்கான கருவி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். வைகையின் வடகரையில், அண்ணா நகரில் உள்ள அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தினர், பூஞ்சைத் தொற்றால் கருவிழியில் புண் வந்தவர்களின் கண்ணீர்ப் புரதங்களை இப்படிப்பட்ட கருவியைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால், ஒவ்வொரு துண்டின் எடையையும் அது டால்டன் கணக்கில் சொல்லும். ஒரு டால்டன் என்பது ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை. குளுக்கோஸின் எடை 180. ஒட்டும்போது 18 எடையுள்ள நீர் மூலக்கூறு ஒன்று கழன்றுவிடுவதால் துண்டின் எடை 162 கூடும். கருவி தருவது அந்த எண்ணை மட்டும்தான். அது எதைக் குறிக்கிறது என்று பார்க்கப் பதிவேடு வேண்டும். 2004-ல் ஆய்விதழில் அறிமுகமான யூனிமாட் அத்தகைய பதிவேடு. பாஸ்பேட்டுக்கு அதில் வரிசை எண் 21, கூடும் எடை 79.9663.

தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில்தான் விஷயமே இருக்கிறது. அசிட்டைல் தொகுதி ஏறினால் 42.0106, மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறினால் 42.0470. இரண்டுமே லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறக்கூடியவை. ஹெச்3 ஹிஸ்டோன் புரதத்தின் 9-ஆவது லைசினில் அசிட்டைல் இருந்தால் அந்த இடத்து மரபணு பெரும்பாலும் இயங்கும் நிலையில் இருக்கும். மூன்று மெத்தில் இருந்தால் அடங்கிக் கிடக்கும். இயக்கத்துக்கும் அடக்கத்துக்கும் நடுவே 0.0364 டால்டன்!

எடையோடு இடமும் தெரிய வேண்டும். ஓர் ஆக்சிஜன் ஏறினால் 15.9949. அது மெத்தியோனினில் ஏறியிருந்தால், ஆய்வகத்தில் மாதிரியைக் கையாளும்போது காற்றுப் பட்டு வந்ததாகவும் இருக்கலாம். கொலாஜன் என்ற புரதத்தின் புரோலினில் ஏறியிருந்தால், வைட்டமின் சி-யின் துணையோடு உடல் செய்த வேலை. சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் முப்புரி வடிவத்தை முன்வைத்தார்களே, அதே கொலாஜன்தான். இந்த ஆக்சிஜன் போதிய அளவு ஏறாவிட்டால் முப்புரி உடல் சூட்டில் உறுதியாக நிற்காது. ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி வரும்.

நிலம் ஒன்றுதான், ஆனால் அதன்மேல் என்ன ஏறியிருக்கிறது, எந்தப் பத்திரத்தின்படி என்று சொல்வது வில்லங்கச் சான்று. மனிதப் புரதங்களுக்கு அப்படியொன்றைத் தயாரித்ததில் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. அகிலேஷ் பாண்டே 2002-ல் அங்கே நிறுவிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஹெச்பிஆர்டி தரவுத்தளம் 2003-ல் வெளிவந்தது. உயிரியல் படித்தவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து வாசித்து, எந்தப் புரதம், எத்தனையாவது அமினோ அமிலம், என்ன மாற்றம் என்று மூலக் கட்டுரையின் எண்ணோடு பதிந்தார்கள். 2010-ல் வந்த ஒன்பதாம் பதிப்பில் 30,047 புரதப் பதிவுகளும் 93,710 மாற்றங்களும் இருந்தன. உலகமே எடுத்துப் பயன்படுத்திய உழைப்பு அது. அதன்பின் புதிய பதிப்பு வராதது பெரிய இழப்பு. கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது இத்தகைய வாசிப்புக்கும் ஒதுக்க வேண்டும்.

வேலை தீர்ந்துவிடவில்லை. ஒரு சோதனையில் கருவி தரும் எடைப் பதிவுகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே பொதுவாக உறுதியான அடையாளம் கிடைக்கிறது. 500 டால்டன் வரை எடை கூடினாலும் குறைந்தாலும் பொருத்திப் பார்க்கும் தேடல் ஒன்றை, ஒரு வகை மனித செல்லின் தரவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-ல் நடத்தினார்கள். மாற்றம் ஏறிய துண்டுகள் 1,84,000 கூடுதலாகக் கிடைத்தன. எடை வித்தியாசங்கள் 523 வகை. பாஸ்பேட், மெத்தில், சர்க்கரை என்று தெரிந்த பெயர்கள் அதில் இருந்தன. இன்னதென்று தெரியாத எடைகளும் இருந்தன.